பேனாவை எடுக்காமல் பதினைந்து நிமிடம்

பல் துலக்குவதற்கு முன்னால் யாரும் எதையும் எழுதக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ராத்திரி முழுக்க மூடிக் கிடந்த வாயின் நாற்றம் எழுத்திலும் வந்துவிடும். இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறவள் நான். எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன், அந்த நாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். குழந்தைகள் நல அலுவலகத்தில் விசாரணை அதிகாரி என்றால் அதட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் தண்ணீர் கொடுத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, தாளும் பேனாவும் வைத்தீர்கள். பேனாவின் மூடியை யாரோ கடித்திருக்கிறார்கள். பல் பதிந்த இடம் எல்லாம் வெள்ளையாக இருக்கிறது. கைக்குட்டையால் பிடித்துத்தான் கழற்றினேன். உங்கள் மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

நான் வேலை பார்க்கும் அச்சகத்தில், மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற துண்டுத்தாள்களை அச்சடிக்கிறார்கள். யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவார்களே, அதுதான். அதிலும் பிழை இருக்கக் கூடாது. நாங்கள் இருவராகச் சரிபார்ப்போம். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுப்படியில் விரலை வைத்துக்கொண்டே வருவார். எனக்கு எதிரே உட்காருகிறவருக்குக் கொட்டாவி என்று பட்டப்பெயர். "தலைசுற்றல் கமா வாந்தி கமா தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் முற்றுப்புள்ளி" என்று, பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்கிற குரலில் படிப்பார். பிள்ளை பெற்ற பெண்களுக்கும் கொடுக்கும் ஒரு மனநல மாத்திரைக்கு மட்டும் தாள் நீளம். குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் உடனே மருத்துவரை அணுகவும் என்று அதில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும். அந்தக் கட்டம் எனக்கு மனப்பாடம்.

என் தங்கையை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், முப்பத்தொரு வயதான பிறகும். அவள் கணவன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான், பத்து மாதம் கடலில் இருப்பான், இரண்டு மாதம் கரையில் இருப்பான். அதனால் பாப்பாவும் அவள் மகள் குட்டியும் என் வீட்டில் இருந்தார்கள். குட்டிக்கு அப்போது நாலு வயது. நான் தனியாக இருந்த வீடு அது. துடைத்து வைத்த பாத்திரம் வைத்த இடத்திலேயே இருக்கும். அவர்கள் வந்த பிறகு சோப்பில் முடி இருந்தது. கட்டில்மேல் ஈரத்துண்டு கிடந்தது. பாப்பா பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். அவள் தூரிகை அலம்பின தண்ணீர், நான் குடிக்கும் தம்ளருக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு நாள் அதை எடுத்து ஒரு மடக்குக் குடித்தும் விட்டேன். குட்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நல்ல பிள்ளை. எல்லாக் குழந்தைகளையும் போல ஒழுகும், அவ்வளவுதான்.

பாப்பாவுக்கும் எனக்கும் கையெழுத்து ஒன்று. எங்கள் அப்பா அளவுகோலும் கையுமாக உட்கார்ந்து எனக்கு எழுதப் பழக்கினார். பாப்பா என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அவளுடைய முறை வந்தபோது அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. அவள் பிஞ்சுக் கையைப் பிடித்து எழுத வைத்தது நான்தான். அந்தக் கை எப்போதும் வேர்த்திருக்கும். பிடித்திருந்த நேரம் முழுக்க எப்போது விடுவோம் என்றிருக்கும். ஆனால் எழுத்து அச்சாக என்னுடையது. எங்கள் அம்மாவுக்கே கடைசிவரை வித்தியாசம் தெரியவில்லை. நான் கள்ளக் கையெழுத்துப் போட்டதாக நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். என் சொந்தக் கையெழுத்தில்தான் எழுதினேன்.

போன வருடம் பாப்பாவுக்கு வரையவே வரவில்லை. அனுப்பிய படங்கள், உயிரே இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தன. அப்போதுதான் யாரோ ஒரு சிநேகிதி சொல்லி அந்த எழுத்து வகுப்புக்குப் போனாள். நடத்துகிற அம்மாள் பெரிய ஆள், பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாமாம். காலையில் கண் விழித்ததும் பதினைந்து நிமிடம் எழுத வேண்டும். பேனாவைத் தாளிலிருந்து எடுக்கக் கூடாது. யோசிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, யாருக்கும் காட்டக் கூடாது. முக்கியமாக, எழுதியதை அறுபது நாள் திரும்பிப் பார்க்கவே கூடாது. அறுபதாம் நாள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டும்.

"மண்டைக்குள்ள இருக்குற குப்பைய காலையிலேயே கொட்டிட்டா நாள் பூரா லேசா இருக்குமாம்க்கா" என்றாள்.

"குப்பைய கொட்ட சாப்பாட்டு மேசைதான் கிடைச்சுதா?"

சிரித்தாள். "கடைசியில படிக்கும்போது, இத நாமளா எழுதினோம்னு இருக்குமாம். ஞாபகமே இல்லாத வரியெல்லாம் வருமாம். அதுதான் நிஜமான நானாம். நீயும் எழுதேன்க்கா, உனக்குத்தான் ரொம்ப தேவை."

இந்த விதியை நான் போடவில்லை. தனக்கு நினைவில்லாத வரிதான் தன் நிஜம் என்று நாற்பது பேரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது அந்த அம்மாள். அவரையும் ஒரு தடவை கூப்பிட்டு விசாரிப்பது நல்லது.

பழக்கம் நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. பலன் கண்ணெதிரே தெரிந்தது. இரண்டு வாரத்தில் பாப்பா முணுமுணுவென்று பாட ஆரம்பித்தாள். மூன்றாம் வாரம் ஒரு யானைக் கூட்டம் வரைந்தாள். அனுப்பிய அன்றே சரி என்று பதில் வந்தது. குட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கூடம் முழுக்க ஆடினாள்.

நான் அதைப் படித்தது நான்காம் நாள். தேடிப் போய்ப் படிக்கவில்லை. தனித்தனித் தாளில் எழுதி ஒரு கோப்பில் கவிழ்த்து வைப்பாள். கோப்பு மேசையில் திறந்து கிடந்தது, மேல் தாளில் தேநீர்க் கறை. துடைக்க எடுத்தபோது கண்ணில் பட்டது. ஒரு பத்தியும் இல்லை, ஒரு நிறுத்தமும் இல்லை. சிறுநீர் முட்டுகிறது, ஆனாலும் எழுதுகிறேன் என்று இருந்தது. கடைவாய்ப் பல் சொத்தையை நாக்கால் துழாவுவது பற்றி அரைப் பக்கம். கனவில் கணவனோடு இருந்தது பற்றி, அதை நான் இங்கே எழுத மாட்டேன். வைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மறுநாளும் படித்தேன்.

குட்டியைப் பள்ளிக்கு அழைத்துப்போகப் பாப்பா எட்டு மணிக்குக் கிளம்புவாள். எட்டே முக்காலுக்குத் திரும்புவாள். நான் ஒன்பதுக்கு வேலைக்குக் கிளம்புவேன். நடுவில் அந்த நேரம் எனக்குச் சும்மாதான் இருந்தது.

இருபத்துமூன்றாம் நாள் பக்கத்தில் நான் இருந்தேன். வரிக்கு வரி நினைவிருக்கிறது. அக்கா தட்டில் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைத்துச் சாப்பிடுகிறாள், பாவம், அவளை யாராவது தொட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும், குட்டி ஒருத்திதான் தொடுகிறாள், அதற்கும் போய்க் கை கழுவிவிட்டு வருகிறாள், பாவம் அக்கா, அவர் வந்ததும் தனி வீடு பார்க்க வேண்டும், குட்டி இல்லாமல் அக்கா என்ன செய்வாள், பாவம். ஒரே பக்கத்தில் மூன்று பாவம். கூறியது கூறல் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். பிறகு அழித்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று கிளம்ப ஐந்து நிமிடம் தாமதமானது, அவ்வளவுதான். வழியெல்லாம் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். குட்டியை இவள் ஒரு வாடகை வீட்டில், ஈரத்துண்டுக்கும் சாயத் தண்ணீருக்கும் நடுவில் வைத்து வளர்க்கப் போகிறாள். ஒரு குழந்தையை அப்படிவிட யாருக்கும் மனம் வராது.

பாப்பா தினமும் மூன்று பக்கம் எழுதுவாள். முதல் தாளில் இரு பக்கமும், இரண்டாவது தாளில் முன்பக்கம் மட்டும். மறுநாளிலிருந்து, பள்ளி உள்ள நாளெல்லாம், அந்த இரண்டாவது தாளை எடுத்துவிட்டு நான் வேறொன்று எழுதி வைத்தேன். மேல் பாதி அவள் எழுதியதேதான், ஒரு எழுத்து மாறாது. கீழே இறங்க இறங்க என்னுடையது. அவளுடைய பேனாவேதான், பதினைந்து நிமிடத்துக்கு அவள் மணி வைக்கிற அதே சமையலறைக் கடிகாரம். எடுத்த தாளை அச்சகத்துக்குக் கொண்டுபோய், பிழையான துண்டுத்தாள்களை நறுக்கும் இயந்திரத்தில் போட்டுவிடுவேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாராவது சொன்னால் பாப்பா திரும்பிப் பார்க்க மாட்டாள். சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

என்ன எழுதினேன் என்பது உங்களிடமே இருக்கிறது. குட்டி மடியில் ஏறும்போது ஈரமான ஏதோ ஒன்று ஏறுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதினேன். அவள் மென்றதை வாயோடு காட்டிச் சிரிக்கும்போது அந்த வாயைக் கையால் பொத்தி, பொத்தினபடியே வைத்திருக்கத் தோன்றுகிறது என்று எழுதினேன். குளியல் தொட்டியைப் பற்றி ஏழு நாள் எழுதினேன். நாற்பது வயது தாண்டிய எனக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் வரும் என்று எனக்கே தெரியாது. அடுத்தவர் வரியில் கமா போட்டே காலம் போனது. இங்கே பேனா நிற்கவே இல்லை. கடிகாரம் மணி அடிக்கும்போது, அதற்குள்ளா என்று இருக்கும். எந்த வரியையும் யோசித்து எழுதவில்லை.

எனக்கு ரொம்ப நாளாக நெஞ்செரிச்சல் உண்டு, அது நின்றது. படுத்தால் தூங்கினேன். ஒரு நாள் கொட்டாவி படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னங்க, முகம் பளிச்சுனு இருக்கு? புதுசா ஏதாவது மாத்திரையா?"

"இல்லைங்க. காலையில கொஞ்சம் எழுதுறேன்."

"கவிதையா?"

"அதெல்லாம் இல்ல. மனசுல வர்றத."

"நல்ல விஷயங்க. எனக்கு மனசுல தூக்கம்தான் வருது" என்றார். அவரைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மொத்தம் முப்பத்தொரு தாள் மாற்றினேன். அறுபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்ட பிறகு பாப்பா கோப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறந்தநாள் பரிசைப் பிரிக்கிற முகம். நான் பக்கத்தில் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் சிரித்தாள், ஒன்றிரண்டை வாய்விட்டுப் படித்தாள். ஆறு சட்டை முடித்து நிமிர்ந்தபோது அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம்.

"அக்கா."

"என்ன?"

"இது என் எழுத்துதானே?"

"உன்னோடதுதான். வேற யாரோடது?"

"எழுதின ஞாபகமே இல்லக்கா. சத்தியமா இல்ல."

"ஞாபகம் இருக்காதுன்னு உங்க வகுப்பம்மா சொன்னாங்கன்னு நீதானே சொன்ன."

அவள் கோப்பை என் பக்கம் நீட்டினாள். "நீ ஒரு தடவ படிச்சுப் பாரேன். எனக்குப் பயமா இருக்கு."

"யாருக்கும் காட்டக் கூடாதுன்னு இருக்கே பாப்பா" என்றேன். கோப்பை மூடி அவளிடமே கொடுத்தேன். அடுத்தவர் அந்தரங்கத்தைப் படிக்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை என்றும் சொன்னேன்.

அன்று மாலை குட்டி வழக்கம்போல ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. பாப்பா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். "அக்கா, இவளக் கூட்டிட்டுப் போ" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் குட்டி பயந்து அழுதது. அன்றிலிருந்து குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான். பாப்பா கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்து எங்கேயாவது வைத்துப் பூட்டச் சொன்னாள். அறையைச் சாத்திக்கொண்டு படுத்தாள். குட்டி கதவைத் தட்டித் தட்டி அங்கேயே தரையில் தூங்கிப்போகும். தூக்கிப்போய்ப் படுக்க வைப்பேன். எச்சில் தோளில் ஒழுகியிருக்கும், சட்டையை மாற்றிக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் அவளாகவே ஒரு மருத்துவமனைக்குக் கோப்போடு போனாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெட்டிக்குள் எங்கள் அச்சகத்துத் துண்டுத்தாள் இருந்தது. கட்டம் கட்டிய வரியைப் பாப்பா விரல் வைத்துப் படித்ததைப் பார்த்தேன். அதில் பிழை ஒன்றும் இல்லை. மறுநாள் அந்த மருத்துவமனை விடுதியிலேயே தங்கிக்கொள்வதாகச் சொன்னாள். குட்டி என் பொறுப்பில் இருக்கட்டும் என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் கேட்கவே இல்லை. கணவனுக்கும் அவளே போனில் சொன்னாள், கப்பலை விட்டு வர வேண்டாம் என்றும் அவளே சொன்னாள். வீட்டுக்கு ஒரு நல்ல பெரியம்மா இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவன் என்னிடம் அழுதான்.

ஞாயிறுதோறும் குட்டியை அழைத்துப் போவேன். விடுதித் தோட்டத்தில் ஒரு இரும்புப் பெஞ்சு. பாப்பா எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் மகளிடம் பேசுவாள். ஒரு விரலை இன்னொரு கை இறுகப் பிடித்திருக்கும். குட்டி என்ன காட்டினாலும் குனிந்து பார்ப்பாள், வாங்க மாட்டாள். ஏழு மாதம் இப்படி. படம் வரைவதை விட்டுவிட்டாள். எழுதுவதையும்தான். பேனாவைத் தொடவே பயம் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள்.

இனி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற இடம். குட்டி பள்ளியில் படம் வரைந்து ஆசிரியையிடம் நீட்டியது. ஒரு பொம்மை, அம்மா என்று பேர், அதற்குக் கை இல்லை. ஏன் கை இல்லை என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். பிறகு தாளைத் திருப்பியிருக்கிறார். வீட்டில் வெள்ளைத் தாள் தேடிய குட்டி, என் அலமாரிக் கோப்பிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு போயிருக்கிறது. நான் பின்பக்கம் எழுத மாட்டேன், அச்சகப் பழக்கம். மேலே தேதி போடுவதும் பழக்கம். போன செவ்வாய்க்கிழமைத் தேதி அது. அன்று பாப்பா அந்த வீட்டை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

பாப்பா போன பிறகு யாரை ஏமாற்றுவதற்காக எழுதினீர்கள் என்று கேட்டீர்கள். யாரையும் இல்லை. பதினைந்து நிமிடம் எழுதாவிட்டால் அன்று நெஞ்செரிச்சல் வருகிறது. காலை நடை போகிறவர்கள் ஒரு நாள் விட்டால் அவஸ்தைப்படுவார்களே, அப்படித்தான். கோப்பில் இருநூற்றுச் சொச்சம் தாள் இருக்கும், நீங்களே எண்ணியிருப்பீர்கள். எல்லாவற்றிலும் குட்டிதான் வருகிறது, உண்மைதான். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆரம்பித்த குரலிலேயேதான் தொடர்ந்து எழுதினேன். அம்மாவின் குரல் அது, பெரியம்மாவின் குரல் இல்லை.

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், குட்டியின் கழுத்து ஒரு கைக்குள் அடங்குகிறது, கட்டைவிரலும் நடுவிரலும் பின்னால் தொட்டுக்கொள்ள அரை விரல் அகலம்தான் மிச்சம் என்று இருக்கிறது. அது கற்பனையா என்று கேட்டீர்கள். இல்லை. மூலத்தோடு ஒத்துப்பார்க்காமல் அளவு எழுதுகிறவள் இல்லை நான். திங்கள்கிழமை குளிப்பாட்டும்போது வைத்துப் பார்த்தேன். தண்ணீருக்குள் ஒரு தடவை, வெளியே ஒரு தடவை. இரண்டு தடவையும் அளவு ஒன்றுதான். குட்டி விளையாட்டு என்று நினைத்து முதலில் சிரித்தது. பிறகு சிரிக்கவில்லை, எடுத்துவிட்டேன். கையெல்லாம் அதன் மூக்குச் சளி. இரண்டு தடவை கழுவியும் பிசுபிசுப்பு போகவில்லை.

ஆக, நான் மறைத்தது எதுவும் இல்லை. தாள்களை மாற்றியது நான். பாப்பாவைத் தன் கையைப் பார்த்தே பயப்பட வைத்தது நான். குட்டியின் கழுத்தில் கை வைத்தது நான். குட்டி இப்போது அப்பாவோடு இருக்கிறது என்று சொன்னீர்கள். ராத்திரி மூக்கு அடைத்துக்கொள்ளும், கவனிக்கச் சொல்லுங்கள்.

நேற்று நீங்கள் விடுதிக்குப் போய் எல்லாவற்றையும் பாப்பாவிடம் சொன்னதாகவும், அவள் நம்பவில்லை என்றும் சொன்னீர்கள். தேதியைக் காட்டியும், தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியும், கையைப் பின்னாலிருந்து எடுக்கவே இல்லையாம். "அக்கா எனக்காகப் பழிய ஏத்துக்குது மேடம். படிச்சப்ப எனக்கே தெரிஞ்சுதே, அது நான்தான்னு" என்றாளாம். அதைச் சொல்லிவிட்டு, எனக்கு வைத்த தண்ணீரை நீங்களே எடுத்துக் குடித்தீர்கள். எனக்கு அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று புரியவில்லை. அவள் படித்தவள், சுயபுத்தி உள்ளவள், தன் மனதில் இல்லாததை இருக்கிறது என்று ஏன் சொல்லப் போகிறாள்?

இதைச் சுத்தமாகப் பிரதி எடுத்து, ஒரு தடவை ஒத்துப்பார்த்துவிட்டேன். பிழை இல்லை. நான் செய்ததற்கு என்ன உண்டோ அதைக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் குட்டியை வெறுத்ததாக என்மேல் எழுதாதீர்கள். அதை வெறுத்தது பாப்பா. முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை அவள் கையெழுத்திலேயே இருக்கிறது.